கடா வழி வந்த பால்

வீட்டெருமையில் இரண்டு கிளைகள் உண்டு. இந்தியத் துணைக்கண்டத்தின் பெரும்பகுதியிலும், அங்கிருந்து மேற்கே எகிப்து, இத்தாலி வரையிலும் பரவியிருப்பது ஆற்றெருமை. அசாமில் தொடங்கிக் கிழக்கே தாய்லாந்து, சீனம், பிலிப்பைன்ஸ் வரை சேற்று வயலை உழுவது சதுப்பெருமை. முதல் கிளையின் உயிரணுவில் 50 குரோமோசோம்கள் இருக்கின்றன, இரண்டாவதில் 48. ஆற்றெருமையில் 4, 9 என எண்ணிடப்பட்ட இரண்டு குரோமோசோம்கள் சதுப்பெருமையில் ஒன்றாக ஒட்டிக்கொண்டதால் ஏற்பட்ட வேறுபாடு இது. இரண்டையும் சேர்த்தால் 49 குரோமோசோம்களோடு கன்று பிறக்கும். அது வளர்ந்து இனம் பெருக்கவும் செய்யும். பசுவோடு மட்டும் எருமை கலக்காது. பசுவுக்கு 60 குரோமோசோம்கள். இந்த வேலி இருபதாம் நூற்றாண்டின் பால் வரலாற்றில் பெரிய இடம் பிடித்தது.

காட்டு விலங்காக இருந்த காலத்திலேயே, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், இரு கிளைகளும் பிரிந்துவிட்டன என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. மனிதர்கள் அவற்றை வெவ்வேறு இடங்களில் தனித்தனியாகப் பழக்கினார்கள். ஆற்றெருமை பழக்கப்பட்டது துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதியில். சிந்துவெளி முத்திரைகளில் அதன் வளைந்த கொம்பும் நீட்டிய முகமும் தெளிவாகத் தெரிகின்றன. சதுப்பெருமை ஏருக்குப் போனது. ஆற்றெருமையின் மடியில் கை பட்டது. தலைமுறை தலைமுறையாக, பால் மிகுந்த எருமையின் கன்று பேணப்பட்டது. இன்று உலகில் பெயர் பெற்ற பால் எருமை இனங்கள் எல்லாமே ஆற்றெருமையைச் சேர்ந்தவை.

அந்தப் பாலின் தன்மையிலேயே மரபின் முத்திரை இருக்கிறது. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டியிருக்க, எருமைப்பாலில் 7 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். பால் கொழுப்பை உருவாக்கும் நொதிகளில் ஒன்றுக்கான மரபணு டிஜிஏடி-1. பசுக்களில் இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு: ஒன்று கொழுப்பைக் கூட்டும், மற்றொன்று கொழுப்பைக் குறைத்துப் பாலின் அளவைக் கூட்டும். இதுவரை ஆராயப்பட்ட எருமை இனங்களில் கொழுப்பைக் கூட்டும் வடிவம் மட்டுமே காணப்பட்டிருக்கிறது. தீவனத்தில் வரும் கரோட்டினை வைட்டமின் ஏ-யாக எருமை மாற்றிவிடுவதால் பாலில் மஞ்சள் நிறம் தங்குவதில்லை. நெய்யும் வெண்மையாகவே இருக்கும்.

பாலில் இவ்வளவு செல்வம் இருந்தும், கன்று ஈனுவதில் எருமை சிக்கனமானது. சினைக்காலம் பத்து மாதத்துக்கும் சில நாள் மேல். கடாரி முதல் கன்று ஈனும்போது மூன்றரை, நான்கு வயதாகிவிடும். ஓர் ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையே 14 முதல் 16 மாதம் ஆவது சாதாரணம். பசுவின் சினைப்பையில் பிறவியிலேயே லட்சத்துக்கு மேல் முட்டைக்கருக்கள் இருக்கும்போது, எருமையில் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் வரையே இருக்கின்றன. பகல் நீளும் கோடையில் பல எருமைகள் பருவத்துக்கே வருவதில்லை. பகல் குறுகத் தொடங்கிய பிறகு, புரட்டாசிக்கும் மாசிக்கும் இடையில்தான் பெரும்பாலும் சினைபிடிக்கும். வந்த பருவமும் பல சமயம் வெளியே தெரியாது. பசு கத்தும், மற்ற மாட்டின்மேல் தாவும். எருமை பேசாமல் நிற்கும். அறிகுறி இருந்தாலும் இரவில் வந்து விடிவதற்குள் அடங்கிவிடும். கால்நடை மருத்துவர்கள் இதை ஊமைப் பருவம் என்பார்கள்.

இவை எல்லாம் சேர்ந்து தரும் கணக்கு எளிது. ஓர் எருமை தன் வாழ்நாளில் ஐந்தாறு கன்று ஈன்றால் அதிகம். அதில் பாதி கடாக்கன்று. எவ்வளவு பால் கொடுக்கும் எருமையாக இருந்தாலும் அதன் குணம் இரண்டு மூன்று மகள்களோடு நின்றுவிடும். குணத்தை ஊர் முழுக்கப் பரப்பக்கூடியது கடாதான். அதன் பெரிய குறை, அது கறக்காது என்பது. எந்தக் கடா பாலின் மரபைச் சுமக்கிறது என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பால் எருமை இனவிருத்தியின் வரலாறு பெருமளவு இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஹரியானாவின் ரோத்தக், ஹிசார், ஜிந்து, பிவானி வட்டாரக் கிராமங்கள் இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் கண்ணால் விடை தேடின. முரா எருமை உருவானது அங்கேதான். ஊருக்குப் பொதுவாக ஒரு கடாவை விட்டுவிடுவது அங்கே வழக்கம். அது யார் வயலிலும் மேயும், ஊர்க் குளத்தில் கிடக்கும், ஊர் எருமைகளைச் சினையாக்கும். தாயின் பால் பெயர் பெற்றதாக இருந்தால்தான் அதன் கடாக்கன்றைப் பொலிகடாவாக விடுவார்கள். அதோடு கரிய நிறம், சிறிய தலை, இறுகச் சுருண்ட கொம்பு ஆகியவற்றையும் பார்த்தார்கள். கொம்புச் சுருளுக்கும் பாலுக்கும் தொடர்பு இருந்ததாகச் சான்று இல்லை. தாயைப் பார்த்துத் தேர்ந்ததுதான் பயன் தந்தது. கொம்பு ஓர் அடையாளச் சீட்டாக இருந்தது.

சட்லெஜ், ராவி ஆறுகளின் கரையில் உருவான நீலி, ராவி எருமைகளிலும் இதே கதை வேறு வடிவில் நடந்தது. நெற்றி, முகவாய், கால்கள், வால் நுனி ஆகியவை வெள்ளையாக இருந்தால் அதைப் பஞ்சகல்யாணி என்று கொண்டாடி விலை கூட்டிக் கொடுத்தார்கள். வெள்ளைக்குறி மரபாகத் தொடர்வது. அதனால் அது எளிதில் இனத்தின் அடையாளமாக நிலைத்தது. பால் அவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை. இரண்டு இனங்களும் ஒன்றோடொன்று கலந்துபோனதால் பின்னர் நீலி-ராவி என்று ஒரே பெயரில் சேர்க்கப்பட்டன. 1947-இல் எல்லைக்கோடு அவற்றின் தாயகத்தின் ஊடே ஓடியது. பெரும்பகுதி பாகிஸ்தானுக்குப் போனது.

பிரிட்டிஷ் அரசு கால்நடையில் கைவைத்தபோது அதன் கவனம் பாலில் இல்லை. 1809-இல் ஹிசாரில் தொடங்கிய அரசுப் பண்ணையின் வேலை ராணுவத்துக்கு இழுவை விலங்குகளை வளர்ப்பது. முரா எருமையின் தாயகத்திலேயே அமர்ந்து, பீரங்கி இழுக்கும் காளைக்காகப் பல தலைமுறைகள் உழைத்த பண்ணை அது. பால் என்ற கேள்வி வந்தது 1889-இல், படைவீரர்களுக்கான முதல் ராணுவப் பால்பண்ணை அலகாபாத்தில் தொடங்கியபோது. இந்தப் பண்ணைகள் எருமைகளை வாங்கின, எண்ணிட்டன, பாலைத் தினமும் நிறுத்து எழுதின. எருமை ஒன்றின் ஈற்றுப் பாலை அனுமானத்தில் சொல்லாமல் பேரேட்டில் காட்டும் வழக்கம் இங்கே வேரூன்றியது. 132 ஆண்டுகள் கழித்து, 2021-இல் ராணுவப் பண்ணைகள் மூடப்பட்டன.

பண்ணைக்கு வெளியே நடந்தது நேர்மாறு. கல்கத்தாவும் பம்பாயும் வளர வளர, பாலுக்காக நகருக்குள்ளேயே எருமைத் தொழுவங்கள் பெருகின. பஞ்சாபிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஈன்ற எருமைகள் ரயிலேற்றப்பட்டன. வியாபாரி வாங்கியது கிராமத்தின் மிகச் சிறந்த எருமையை. குறைந்த பால் எருமைக்கு ரயில் கட்டணம் கொடுத்துக் கட்டுப்படியாகாது. நகரத்தில் இடமும் தீவனமும் விலை உயர்ந்தவை. பால் வற்றியதும் எருமையை அடுத்த ஈற்றுவரை வைத்துக் காப்பது நட்டம் என்று அறுப்புக்கு அனுப்பினார்கள். கன்று குடிக்கும் பாலும் காசு என்பதால் கன்று பட்டினியில் செத்தது. கன்று இல்லாத எருமை பால் இறக்காது. அதற்காக வைக்கோல் கன்றைக் காட்டினார்கள். இன்னும் கொடிய பூக்கா முறையும் இருந்தது: பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் கறப்பது. 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அதைப் பெயர் சொல்லித் தடைசெய்தது.

கொடுமை ஒருபுறம் இருக்க, மரபியல் கணக்கில் இது தலைகீழான தேர்வு. சிறந்த எருமை ஓர் ஈற்றோடு, வாரிசு இல்லாமல் முடிந்தது. தேறாதது ஊரில் தங்கி இனம் பெருக்கியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி அரசு அறிக்கைகள் இந்த இழப்பைத் திரும்பத் திரும்பப் புலம்பின. புலம்பலுக்கு அப்பால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1940-களின் தொடக்கத்தில் முராவுக்கு மந்தைப் பதிவேடு ஒன்று தொடங்கப்பட்டது. தரம் தேறிய விலங்குகளை மட்டும் பெயரிட்டு எழுதிக் காக்கும் முயற்சி. பதிவேட்டில் ஏறிய எருமைகள் மிகச் சில.

சுதந்திரத்துக்குப் பின் நகரத் தொழுவங்களை அகற்ற இரண்டு வழிகள் முயலப்பட்டன. ஒன்று எருமைகளைத் திரட்டி நகரின் விளிம்பில் குடியேற்றுவது. பம்பாயின் ஆரே பால் காலனி 1949-இல் உருவானது அப்படித்தான். கல்கத்தாவுக்கு ஹரிங்கட்டா இருந்தது. தொழுவம் சுத்தமானது, ஆனால் ஊரிலிருந்து எருமை வருவது நிற்கவில்லை. இன்னொரு வழி எருமையை ஊரிலேயே விட்டுவிட்டுப் பாலை மட்டும் நகர்த்துவது. 1946-இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய, பின்னர் அமுல் என்று பெயர் பெற்ற கைரா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் செய்தது அது. 1955-இல் அங்கே பால் தொழில்நுட்ப வல்லுநர் எச்.எம். தலாயா எருமைப்பாலைப் பொடியாக்கிக் காட்டினார். பசும்பாலுக்கு மட்டுமே முடியும் என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொல்லிவந்த வேலை. பாலைக் கொழுப்பை அளந்து விலைபோட்டதால் எருமை வைத்திருந்தவருக்குக் கூடுதல் காசு கிடைத்தது. வற்றிய எருமையையும் கன்றையும் வைத்துக் காக்க அது கைகொடுத்தது. அமுல் பற்றி எழுதுபவர்கள் கூட்டுறவையும் விளம்பரத்தையும் பேசுவார்கள். நல்ல எருமையின் ரத்தம் ஊரில் தங்க அது வழி செய்தது என்பதை அதிகம் பேசுவதில்லை. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் இந்த ஏற்பாட்டை நாடெங்கும் விரித்தது.

அதே காலத்தில் பசுக்களுக்கு ஒரு குறுக்குவழி கிடைத்தது. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்தைக் கொண்டுவந்து நாட்டுப் பசுவில் சேர்த்தால், ஒரே தலைமுறையில் பால் இரண்டு மூன்று மடங்கானது. ஐரோப்பிய விவசாயிகள் இரண்டு நூற்றாண்டு பாடுபட்டுச் சேர்த்த மரபை ஒரு குப்பியில் வாங்க முடிந்தது. எருமைக்கு அப்படி ஒரு குப்பி எங்கும் இல்லை. பசுக்காளை எருமைக்கு ஆகாது. உலகின் மற்ற எருமைகளிலும் அன்று இந்திய எருமையைப் பெரிதும் விஞ்சியவை இல்லை. எருமையை உயர்த்த வேண்டுமானால் எருமைக்குள்ளேயே தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். கலப்பின வேகத்துக்குப் பழகிய கால்நடைத் துறைகளுக்கு இந்த நிதானம் சலிப்பூட்டியது. எருமை ஆராய்ச்சிக்குப் பணமும் மதிப்பும் தாமதமாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

துணைக்கண்டத்துக்குள் கிடைத்த ஒரே குறுக்குவழி முரா. இனம் தெரியாத உள்ளூர் எருமைகளுக்கு முராக் கடாவைச் சேர்த்து, பிறக்கும் கடாரிக்கு மறுபடி முராவையே சேர்த்து, நான்கைந்து தலைமுறையில் ஏறக்குறைய முராவாகவே ஆக்கிவிடும் தரம் உயர்த்தல் முறை பல மாநிலங்களின் கொள்கையானது. ஆந்திரத்தின் கோதாவரி, கிருஷ்ணா கழிமுகங்களில் இது மிக வெற்றியாக நடந்தது. தமிழ்நாட்டிலும் நாட்டெருமைக்கு முராக் கடாவின் விந்தை ஊசியாகச் செலுத்துவதே வழக்கமாயிற்று. குஜராத்தில் சூரத்தி எருமையும் முராவும் கலந்து மெஹ்சானா என்ற இனமே உருவாகி நிலைத்திருந்தது.

இந்த அலை எட்டாத இடங்களும் உண்டு. நீலகிரியின் தோடர் எருமை அவற்றில் ஒன்று. தோடர்கள் எருமைகளைக் கோயில் எருமை, வீட்டெருமை என்று பிரித்து, கறக்கும் இடத்தையே கோயிலாகக் கொண்டவர்கள். 1906-இல் வெளிவந்த தோடர்கள் பற்றிய நூலில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் இந்த ஏற்பாட்டை விரிவாக எழுதினார். மனிதர்களின் குலவழியைத் தாய் தந்தை பெயர் கேட்டு வரைபடமாக்கும் முறையைக் கையாண்டவர் அவர். எருமையிலோ தோடர்கள் பார்த்தது தாய்வழி; இன்ன கோயில் எருமையின் மகள் என்பதே அதன் தகுதி. பொலிகடாவை மையமாகக் கொண்ட நவீன இனவிருத்திக்கு இது நேர் எதிர்த் திசை. தோடர் எருமையின் பால் முராவின் பாலில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் கொழுப்பு மிகுதி, மலைக்குளிர் அதற்கு ஒரு பொருட்டில்லை. மேய்ச்சல் புல்வெளிகள் தைல மரக் காடுகளாகவும் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறியதில் மந்தைகள் சுருங்கிவிட்டன. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையிலும் தனியினமாகப் பதிவு பெற்ற எருமை இருக்கிறது.

கடாவின் கை நீண்டது செயற்கைமுறைக் கருவூட்டலால். இந்தியாவில் அது முதலில் நடந்தது 1939-இல், மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில், சம்பத் குமரன் கையால், பசுவுக்கு. எருமைக்கன்று ஒன்று இம்முறையில் முதன்முதலாகப் பிறந்தது 1943-இல், அலகாபாத் வேளாண் நிறுவனத்தில். அப்போது விந்தை அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்குப் பயன்படுத்த வேண்டும். 1949-இல் பிரிட்டனில் போல்ஜ் என்ற ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைந்தும் பிழைக்கும் என்று கண்டார்கள். எருமை விந்தணுவின் சவ்வு பசுவினுடையதை விட உறைவில் எளிதாகப் பாழாவதால், எருமைக்கு ஏற்ற கலவையைக் கண்டுபிடிக்க மேலும் ஆண்டுகள் ஆயின. பிறகு திரவ நைட்ரஜன் கலத்தில் ஒரு கடாவின் ஆயிரக்கணக்கான டோஸ்கள் ஊர் ஊராகப் போயின. கடா செத்த பிறகும் அதற்குக் கன்று பிறந்தது.

இதில் ஒரு முரண் இருந்தது. ஊமைப் பருவத்தில் நிற்கும் எருமையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தது கடாவின் மூக்குக்கு மட்டும்தான். சினை ஊசி என்று ஊர் அழைத்த இந்தக் கருவூட்டல் வந்ததும் கடா ஊரை விட்டுப் போனது. மூக்கும் அதோடு போனது. எருமை வைத்திருப்பவர் அதிகாலையில் வழும்பு வடிந்திருக்கிறதா என்று படுத்த இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு 21 நாள் கழித்து. கருத்தடை செய்த கடாவைப் பண்ணையில் உலவவிட்டுப் பருவம் அறிவது ஒரு தீர்வு. ஹார்மோன் ஊசிகளால் மந்தை முழுவதையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவருவது பின்னால் வந்த தீர்வு. இருந்தும் எருமையில் சினை ஊசி பசு அளவுக்குப் பரவவில்லை. பல கிராமங்களில் தரம் தெரியாத ஊர்க்கடாவே இன்னும் வேலை செய்கிறது.

எந்தக் கடா என்ற பழைய கேள்விக்கு அறிவியல் தந்த விடை சந்ததிச் சோதனை: கடாவை மகள்களின் பாலை வைத்து மதிப்பிடுவது. மந்தையில் எருமைக்கு எருமை பாலில் தெரியும் வேறுபாட்டில் கால் பங்கு அளவே மரபிலிருந்து வருகிறது. மீதி தீவனம், பராமரிப்பு, தட்பவெப்பம். ஈற்று இடைவெளி போன்ற இனப்பெருக்கக் குணங்களில் மரபின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆகவே ஒரு மகளின் பாலை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல ஊர்களில், பல தொழுவங்களில் உள்ள மகள்கள் வேண்டும். காலமும் வேண்டும். கடா விந்து தரத் தகுதி பெற இரண்டரை மூன்று ஆண்டு. மகள் பிறக்க ஓராண்டு. அவள் ஈன மூன்றரை ஆண்டு. அந்த ஈற்றுப் பாலை அளந்து முடிக்க இன்னும் ஏறக்குறைய ஓராண்டு. விடை வரும்போது கடாவுக்கு எட்டு ஒன்பது வயது. அதற்குள் தேர்வில் தோற்ற கடாவின் மகள்களும் ஊரில் பிறந்து வளர்ந்திருப்பார்கள்.

ஒரு பண்ணையில் இருந்த சில நூறு எருமைகளை வைத்து இதைச் செய்ய முயன்றவர்கள் தடுமாறினார்கள். கடா ஒன்றுக்கு ஐந்தாறு மகள்கள்தான் தேறின. 1955-இல் பெங்களூரிலிருந்து கர்னாலுக்கு மாறிய தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம், லூதியானா, ஹிசார் பல்கலைக்கழகங்கள் எனத் தனித்தனியாக நடந்த வேலை மெல்ல இணைக்கப்பட்டது. 1985-இல் ஹிசாரில் மத்திய எருமை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. நீலி-ராவிக்குப் பஞ்சாபின் நாபாவில் அதன் கிளை. 1993 முதல் எருமை மேம்பாட்டு வலைப்பின்னல் திட்டத்தின்கீழ் பல பண்ணைகள் ஒரே கடாத் தொகுதியின் விந்தைப் பகிர்ந்து, மகள்களின் பதிவை ஒன்றாகக் கணக்கிட்டன. இன்னொரு பக்கம், குஜராத்தில் தேசியப் பால்வள வாரியமும் மெஹ்சானா கூட்டுறவு ஒன்றியமும் பண்ணையை விட்டு வெளியேறி, விவசாயிகளின் தொழுவத்திலேயே மகள்களின் பாலை அளந்தன. எருமை வரலாற்றில் மிகப் பயன் தந்த மாற்றம் இதுவே எனலாம். 2012-இல் தொடங்கிய தேசியப் பால்வளத் திட்டம் 12 இலக்கக் காதுவில்லையோடு இந்த முறையை முராவுக்கும் விரித்தது.

ஊர்ச் சந்தையின் கண் இதற்கெல்லாம் எளிதில் மசியவில்லை. வடநாட்டுக் கால்நடைக் கண்காட்சிகளில் எண்ணெய் பூசி மினுக்கிய முராக் கடாக்களுக்குக் கோடிக்கணக்கில் விலை பேசப்பட்டதாக இன்றும் செய்தி வருகிறது. உடம்பின் எடையும் கொம்பின் சுருளும் தாயின் ஒருநாள் உச்சப் பாலும் அங்கே பேசப்படும். மகள்களின் ஈற்றுப் பால் பற்றிய பேச்சு அபூர்வம்.

முராவின் மரபு இதற்குள் கடல் தாண்டியிருந்தது. பல்கேரியா 1962 முதல் இந்திய முராக்களை இறக்கி உள்ளூர் எருமையை உயர்த்தியது. பிலிப்பைன்ஸ் 1992-இல் சட்டம் இயற்றிக் கரபாவோ (அந்நாட்டுச் சதுப்பெருமை) மையம் அமைத்து, அந்தப் பல்கேரிய முராவை வாங்கித் தன் சதுப்பெருமையோடு கலந்தது. 49 குரோமோசோம் கன்றுகள் அங்கே ஆயிரக்கணக்கில் பிறந்தன. இத்தாலி கலப்பை நாடாமல் தன் மத்தியதரைக் கடல் எருமையையே பதிவேடும் பால் அளவையும் கொண்டு செதுக்கியது. அந்தப் பாலில் செய்யும் மொசரெல்லா பாலாடைக்கட்டிக்குக் கோடையில்தான் கிராக்கி. எருமை இயல்பாக ஈனுவதோ இலையுதிர் காலத்தில். அங்குள்ள பண்ணையாளர்கள் வருடத்தில் சில மாதம் கடாவை விலக்கிவைத்து, ஈற்றை வசந்தத்துக்குத் தள்ளினார்கள். பகல் நீளும்போதும் சினைபிடிக்கும் எருமைகளே மந்தையில் தங்கின. இருளை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் ஹார்மோனின் ஏற்பிக்கான மரபணுவில் உள்ள வேறுபாடுகள் இந்தப் பருவ குணத்தோடு தொடர்புள்ளவை என்று இத்தாலிய ஆய்வுகள் பின்னர் காட்டின.

பெண்வழியையும் பெருக்க முடியுமா என்ற முயற்சி 1980-களில் தொடங்கியது. 1983-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் கருமாற்று முறையில் எருமைக்கன்று பிறந்தது. ஊசி போட்டு ஒரே நேரத்தில் பல முட்டைகளை முதிரவைக்கும் உத்தி பசுவில் தந்த பலனை எருமை தரவில்லை. இருப்பே குறைவான சினைப்பையிலிருந்து ஒருமுறைக்கு ஒன்றிரண்டு நல்ல கருக்களுக்கு மேல் கிடைப்பது அரிது. கர்னாலில் முட்டையை வெளியே எடுத்து ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, 1990-இல் பிரதம் என்ற கன்றைப் பிறப்பித்தார்கள். 2009 பிப்ரவரியில் அங்கேயே சம்ரூபா என்ற குளோனிங் கன்று பிறந்து சில நாளில் இறந்தது. ஜூனில் பிறந்த கரிமா இரண்டாண்டுக்கு மேல் வாழ்ந்தது. அடுத்துப் பிறந்த கரிமா-2 வளர்ந்து, சினையாகி, 2013-இல் மஹிமாவை ஈன்றது. உலகின் முதல் குளோன் எருமை என்று இந்திய நாளிதழ்கள் எழுதினாலும், சீனத்தின் குவாங்சி ஆய்வாளர்கள் அதற்கு முன்பே எருமையைக் குளோன் செய்திருந்தார்கள். விலையுயர்ந்த கருவி இல்லாமல் கையாலேயே செய்யும் எளிய முறைதான் கர்னாலின் சாதனை. 2015-இல் ஹிசாரில் கடா ஒன்றின் நகலாக ஹிசார் கௌரவ் பிறந்தது. நகலெடுப்பு புதிய மரபு எதையும் சேர்ப்பதில்லை. மகள்களால் நிரூபிக்கப்பட்ட கடாவை மறுபடி பெறுவதே அதன் பயன்.

மரபணுத் தொகுதியைப் படிக்கும் வேலை மத்தியதரைக் கடல் எருமையில் தொடங்கியது. அதன் குரோமோசோம்வாரியான முழு வரைபடம் 2019-இல் வெளிவந்தது. முராவின் வரைபடத்தைத் தேசியப் பால்வள வாரியம் தயாரித்தது. ஆயிரக்கணக்கான மரபணுக் குறியிடங்களை ஒரே சோதனையில் படிக்கும் சில்லுகள் வந்தன. இந்திய எருமைகளுக்கென மஹிஷ் சில்லு 2024-இல் வெளியிடப்பட்டது. பிறந்த கடாக்கன்றின் காதிலிருந்து எடுத்த சிறு திசுவே அதன் பால்மரபை ஓரளவு சொல்லிவிடும். எட்டு ஒன்பது ஆண்டுக் காத்திருப்பு சில வாரமாகச் சுருங்கும். சில்லு தானாக எதையும் அறியாது. எந்தக் குறியிடம் எவ்வளவு பாலோடு வரும் என்பதை, ஏற்கெனவே பால் அளந்து எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான எருமைகளிடமிருந்தே அது கற்க வேண்டும். அத்தகைய பதிவு இன்று முரா, மெஹ்சானா போன்ற சில இனங்களுக்கே போதிய அளவில் இருக்கிறது. தோடர் எருமைக்கோ பர்கூர் எருமைக்கோ அது பயன்பட வேண்டுமானால், முதலில் அந்த மலைகளின் பட்டிகளில் ஈற்றுக்கு ஈற்று பாலை அளந்து எழுதத் தொடங்க வேண்டும்.